ஒரு விரலும் இரண்டு அம்பும்

கிரேன் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்கவே முடியாது. பல்லியைக் கண்டால் ஊரைக் கூட்டுவாள். அவள்தான் பன்னிரண்டு மாடி உயரக் கூண்டில் உட்கார்ந்து கான்கிரீட் பாளங்களைத் தூக்குகிறாள்! கீழே பாளத்தைப் பிடித்துச் சுவரோரம் உட்கார்த்துவது அவள் புருஷன். அதனால் பாளத்துக்கு ஒரு சாமியைக் கும்பிடுவாள்.

விட்டுப்போன படிப்பை முடிக்க மாலை வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். முந்தின நாள் கணக்கு டீச்சர் சார்பு (ஃபங்ஷன்) பாடத்துக்கு இரண்டு வட்டம் போட்டு, இடது வட்டத்துப் புள்ளிகளிலிருந்து வலது வட்டத்துக்கு அம்புகள் விட்டபோது அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"ரெண்டு அம்பு ஒரே எடத்துக்குப் போனா சார்புங்கறீங்க. ஒரே புள்ளியிலேர்ந்து ரெண்டு கிளம்பினா மட்டும் சார்பு இல்லையாம். இது என்ன டீச்சர் ஓரவஞ்சனை?"

"விதி அப்படித்தாம்மா. எழுதிக்கோ," என்று டீச்சர் கைகழுவிவிட்டாள்.

மறுநாள் கீழே சைகை காட்ட ஒரு புது ஆள் வந்திருந்தான். தூக்கச் சொல்லக் கட்டைவிரலை உயர்த்தினான். சில நேரம் ஆள்காட்டி விரலைச் சுழற்றினான். சரி, இரண்டுக்கும் தூக்கு என்றுதான் அர்த்தம், போகட்டும். ஆனால் பாளம் மேலே போன பிறகும் அதே விரலைச் சுழற்றினான். அப்போது கிரேனின் நீண்ட கையைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்கிறானாக்கும் என்று அவள் திருப்பினாள். அவனும் தலையாட்டினான்.

மதியம் ஒரு பாளம் தரைக்கு இடுப்புயரம் மேலே, ஏறியும் ஏறாமலும் தொங்கியது. அதற்கும் சுவருக்கும் நடுவில் புருஷன் குனிந்து நின்றான். விரல் சுழன்றது.

தூக்கவா, திருப்பவா? திருப்பினால் அவன் சுவரோடு நசுங்கிப்போவான். கட்டைவிரல், சுழல்விரல் எதைக் காட்டினாலும் தூக்கிவிடலாம், அதில் குழப்பமில்லை. இந்த ஒரு விரலிலிருந்து இரண்டு அம்பு கிளம்புகிறதே, கடவுளே, நான் எதன் பின்னால் போவேன்?

பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். ஹாரனை விடாமல் அடித்தாள். புருஷன் பதறி விலகிய பிறகு, ஏணியில் இறங்கி வந்தாள்.

"தூக்கறதா திருப்பறதான்னு பார்த்தாலே தெரியாதா?" என்று புது ஆள் எகிறினான்.

"காலையிலேர்ந்து ஒழுங்காத்தானே ஓட்டினே? இப்ப என்ன வந்துச்சு?" என்றார் மேஸ்திரி.

"ஓட்டலைங்க," என்றாள். "காலையிலேர்ந்து குத்துமதிப்பாத்தான் இழுத்துக்கிட்டிருந்தேன்."

புருஷன் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தான். காலையிலிருந்து ஒவ்வொரு பாளத்துக்கும் அவன் அங்கேதான் குனிந்திருந்தான்.