கடிகாரத்தில் பெயர் போடச் சொன்னது யார்

என் தங்கையின் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போய் என் புருஷன் கோர்ட்டில் நின்றார். இதை எப்போது சொன்னாலும் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு "அதுல என்ன தப்பு?" என்கிறார்கள். அதே கேள்வியைத்தான் நான் அன்றைக்கு ஜொகூர் பாரு சுங்கக் கொட்டகையில் கேட்டேன், அதுவும் உரக்க. பதில் கிடைத்தது. அது எனக்குப் புரிவதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

சிங்கப்பூருக்குக் கடற்பாலம் போட்டு அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் புருஷன் ஜொகூர் பாரு ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். எந்த ரயில் எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அதற்கேற்பத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. ரயில்வே வீட்டில் ஒரே அறைதான். ஆனால் மேலே ஓடு, வாசலுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். அவர் அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

தங்கைக்கு எங்கள் தோட்டத்திலேயே கூலிகளை மேய்க்கிற ஒரு மண்டோரைப் பேசி முடித்தோம். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கண் சரியில்லை. மூத்தவள் என்பதால் எல்லாம் என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, மழையைப் பற்றிப் பேசி, எழுந்திருக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"பெருசா ஒண்ணும் கேக்கலம்மா. மாப்பிள்ளை கைக்கு ஒரு கடிகாரம். நம்ம துரை கட்டியிருக்காரே, அதே பேரு போட்டது. வேற பேருன்னா நாலு பேரு சிரிப்பாங்க."

துரையின் கடிகாரத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் அவர் வழி செய்திருந்தார். தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியைப் பிடித்து அந்தப் பெயரை ஒரு துண்டுத் தாளில் இங்கிலீஷில் எழுதி வாங்கி வந்திருந்தார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கோழி கிளறின மண். தாளை மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன்.

என் புருஷனுக்கு லீவு கிடைத்த ஒரு நாளில் இருவரும் சிங்கப்பூருக்கு ரயில் ஏறினோம். முதலில் சிராங்கூன் ரோட்டில் பித்தளைச் சாமான். குடம், தாம்பாளம், செம்பு எல்லாம் எடுத்து முடித்ததும் கடைக்காரர் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, "என்ன பேரும்மா வெட்டணும்?" என்று கேட்டார். தங்கை பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொன்னேன். புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார். சீர்ப் பாத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் அது சீரே இல்லை. கல்யாண வீட்டில் பத்துக் குடம் ஒன்றாகக் கிடக்கும். எது யாருடையது என்று பெயர்தான் சொல்லும். பெயர் வெட்டிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாலும் எங்கே திருடினாய் என்று ஒருவரும் கேட்க முடியாது. சிறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

பிறகு கடிகாரம். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடைக்குள் போய்த் தாளைக் காட்டினோம். விலையைச் சொன்னார்கள். ஏறின படியில் அப்படியே இறங்கினோம். வெயிலில் நின்றேன். கல்யாணமே நின்றுபோன மாதிரி இருந்தது. என் புருஷன் குடத்தைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டார்.

நடந்துகொண்டே போனதில், ஒரு சந்தில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், ஒரு சீனர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கைக்கடிகாரம் இருக்கிறதா என்று கேட்டேன். பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். எண்கள் இருந்தன, முள் இருந்தது, பெயர் மட்டும் இல்லை.

"நாமா ஆப்பா மாவு?" என்று மலாயில் கேட்டார். என்ன பெயர் வேண்டும் என்கிறார். பாத்திரக் கடையில் கேட்ட அதே கேள்வி. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவரும் நம் வழக்கம் தெரிந்தவர்தான் என்று மாப்பிள்ளை பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அது இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, எழுத்து வெட்டிய சின்னச் சின்னத் தகடுகளை மேசையில் பரப்பினார். நான் தாளைக் கொடுத்தேன். ஒரு தகட்டை எடுத்து மை தடவி, மெத்தென்ற ஒரு கட்டையால் ஒற்றி, கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றி அதன் முகத்தில் அழுத்தினார். தாளில் இருந்த எழுத்து அப்படியே அதில் வந்துவிட்டது. விலையும் எங்கள் கைக்கு அடங்கியது.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காதில் வைத்துக் கேட்டேன். என் புருஷன் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார். "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

திரும்பும்போது ஜொகூர் பாருவில் எல்லாரையும் இறக்கி மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அபினுக்கும் சாராயத்துக்கும் புகையிலைக்கும்தான் தேடுவார்கள் என்று நினைத்திருந்தேன். மலாய்க்கார அதிகாரி மரியாதையாகத்தான் பார்த்தார். கடிகாரம் கைக்கு வந்ததும் முகத்தைப் பார்த்தார். பிறகு என் புடவையைப் பார்த்தார். விலை என்ன என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். உடனே உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார்.

வந்தவர் யாழ்ப்பாணத் தமிழர், சுங்கத்தில் கிளார்க். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் திருநீறு. நம் ஆள் என்று நிம்மதியாக இருந்தது.

"இஞ்ச பாருங்கோ," என்றார் அவர். "இது அசல் எண்டால் நீங்கள் சொன்ன விலை பொய். வரியைக் குறைக்கப் பொய் சொன்னது குற்றம். விலை உண்மை எண்டால் இதில இருக்கிற பேர் பொய். கள்ளப் பேர் போட்ட சாமான் கொண்டு வாறதும் குற்றம். எது பொய் எண்டு சொல்லுங்கோ."

"ரெண்டும் நெசந்தாங்க ஐயா," என்றேன்.

"ரெண்டும் நிசமாய் இருக்க ஏலாது."

உண்மையைச் சொன்னாலும் குற்றம், பொய் சொன்னாலும் குற்றம் என்றால் மனுஷி என்னதான் சொல்வது? அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இவர்கள் என்னைத் திருடி என்று நினைக்கிறார்கள். பெரிய இடத்துக் கடிகாரம் கூலிக்காரி கையில் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான், எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"திருட்டுச் சாமான் இல்லீங்க. இந்தக் கொடத்தப் பாருங்க, பேரு வெட்டியிருக்கா? அதே மாதிரி கடிகாரத்துலயும் பேரு போடச் சொல்லி வாங்கினோம். காலையில வெறுமனே இருந்துச்சு. என் கண்ணு முன்னாலதான் போட்டாரு."

கிளார்க்கின் பேனா நின்றது. குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுங்கோ. தெரியாமல் வாங்கினது எண்டால் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுடுவினம். தெரிஞ்சு பேர் போடுவிச்சது எண்டால் அது வேற கதை. பேர் முதலே இருந்ததுதானே?"

நான் தப்பிக்க அவர் கயிறு நீட்டினார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். சுருக்குப்பையை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இந்தாங்க சாட்சி. இதப் பாத்துத்தான் போட்டாரு. நான்தான் போடச் சொன்னேன். இதுல என்ன தப்பு?"

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். கிளார்க் தாளை எடுத்துப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். அப்போதுதான் என் புருஷன் முன்னால் வந்தார்.

"நான்தாங்க போடச் சொன்னேன். அவளுக்கு அது என்னான்னே தெரியாது."

"என்னங்க நீங்க," என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு."

கல்யாணமான நாலு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். கிளார்க் இரண்டு பேர் சொன்னதையும் எழுதினார். யாரோ ஒருவர் தெரிந்து செய்திருக்கிறார், அது யார் என்று கோர்ட்டு முடிவு செய்யட்டும் என்று அதிகாரி சொன்னாராம். கையெழுத்து என் புருஷனிடம்தான் வாங்கினார்கள். கடிகாரமும் தாளும் அங்கேயே தங்கின. பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது கிளார்க் அவரிடம் மெல்லச் சொன்னார்:

"குற்றவாளி எண்டு தீர்ந்தால் ரெயில்வே வேலை நிக்காது, தம்பி. அந்த எழுத்து என்ன எண்டு தெரியாது எண்டு சொல்லிப் பாருங்கோ. நம்பினால் தப்புவீங்கள்."

வேலை போனால் வீடு போகும். அதுவரை கடிகாரம் போனதற்காகத்தான் மனம் அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து குழாயடியில் குடத்தை இறக்கும்போதுதான் எது போகப் பார்க்கிறது என்று உறைத்தது.

அடுத்த வாரம் கல்யாணம் கடிகாரம் இல்லாமலே நடந்தது. தாய்மாமன் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு எதுக்கு அண்ணி கடிகாரம்? பெரட்டுக்கு மணிதான் அடிக்கிறாங்களே," என்றார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கிற மணியைச் சொன்னார். அதை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

கோர்ட்டு நாள் வரை நான் ஒரே யோசனைதான். நான் எழுந்து உண்மையைச் சொன்னால் அவர் தப்புவாரா, அல்லது இரண்டு பேரும் மாட்டுவோமா? பெண்பிள்ளை, படிப்பில்லாதவள் என்று என்னை விட்டுவிடுவார்களா, ஜெயிலில் போடுவார்களா? அவரிடம் கேட்டால், "பாத்துக்கலாம்" என்பார். பார்த்துக்கொள்கிற விஷயமா இது?

கோர்ட்டில் நீதிபதி இங்கிலீஷில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார்.

"இது கடிகாரம் செய்கிற கம்பெனியின் பெயர் என்று உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் பின்னால் உட்கார்ந்து மனசுக்குள் கத்தினேன். என் புருஷன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியுங்க."

"எப்படித் தெரியும்?"

"படிச்சேங்க."

கடிகாரத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, கடைசியில் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னார். கூட்ஸ் வண்டிகளில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பழகியதாகச் சொன்னார். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவள் நான். எனக்கு அது தெரியாது.

"உன் மனைவி?"

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க."

என்னைக் கூப்பிடவே இல்லை. அபராதம் போட்டார்கள், கடிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் வேலையும் வீடும் போயின. பாலோ என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனோம். தண்ணீருக்கு மறுபடி ஆற்றுக்கு நடந்தேன்.

அவர் மேல் எனக்கு என்ன இருந்தது என்று எனக்கே விளங்கவில்லை. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று முதலில் உருகினேன். ஆனால் அவர் நிஜமாகவே படித்திருக்கிறாரே? தெரிந்தவர் அவர்தானே? அப்படியானால் குற்றம் அவருடையதுதான், என்னுடையது இல்லை என்று ஒரு நாள் தோன்றும். வாயைத் திறந்து தாளை நீட்டியது யார் என்று மறுநாள் தோன்றும். பல மாதம் இப்படி உள்ளுக்குள்ளேயே கிடந்து, ஒரு நாள் மரத்தடியில் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"படிக்கத் தெரிஞ்சவரு கடையிலயே சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு இங்க நிப்போமா?"

அவர் விரலில் ஒட்டிக் காய்ந்திருந்த ரப்பர்ப் பாலை உரித்துக்கொண்டே இருந்தார்.

"பெரிய கடையில வெல கேட்டப்ப உன் மொகம் செத்துப் போச்சு. அந்தச் சீனர் கடையில மறுபடி உசுரு வந்துச்சு. அதப் பாத்துக்கிட்டு நான் என்னான்னு சொல்றது?"

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மர வரிசைக்கு வேகமாக நடந்தேன். நான் அழுவதை அவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.