புளியோதரை சிந்திய கல்

2007 கோடையில், மொன்ட்ரியாலில் நடந்தது இது. அங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்த நண்பன், மனைவியையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு சிகாகோவிலிருந்து வந்திருந்தான். வந்ததிலிருந்து ஒரே சிகாகோ புராணம். அங்கே மொச்சைக்கொட்டை மாதிரி பளபளவென்று ஒரு எஃகுச் சிற்பம் இருக்கிறதாம், அதில் ஊரே தெரியுமாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எல்லோரையும் கிளப்பிவிட்டேன். பிரெஞ்சு தெரியும் என்பதால் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவும் துணைக்கு வந்தார். மெட்ரோ நிலையத்தின் வண்ணக் கண்ணாடிச் சுவர், ஆற்றங்கரையில் பெட்டி பெட்டியாக அடுக்கிய வீடுகள், ஸ்டேடியத்தின் சாய்ந்த கோபுரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். தெரிந்தது கொஞ்சம், அளந்துவிட்டது நிறைய. நண்பன் வாயைப் பிளந்து கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் ஒரு சின்னப் பூங்காவில் உட்கார்ந்தோம். புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கருங்கற்கள். மேலே ஏதோ எழுத்து செதுக்கியிருந்தது. "இது மாடர்ன் ஆர்ட்டுடா. ஜனங்க உட்காரணும்னுதான் வெச்சிருக்காங்க" என்று நண்பனிடம் ஒரே போடாகப் போட்டேன். அக்கா ஜூஸ் வாங்க எதிரே இருந்த தெப்பனேர் என்கிற பெட்டிக்கடைக்குப் போயிருந்தார். நாங்கள் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து, நடுவில் இருந்த கல்லில் புளியோதரை டப்பாவைத் திறந்து வைத்தோம். குழந்தை கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு பழைய துணி, தண்ணீர் பாட்டில், தோளில் ஒரு பை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பூங்காவைச் சுத்தம் செய்பவர் என்று நினைத்துவிட்டேன். துணியும் கையுமாக நின்றால் வேலைக்காரர்தான் என்று ஊரில் பழகிய கண் அது. டப்பாவைத் தூக்கி, கல்லில் சிந்தியிருந்த சோற்றையும் எண்ணெயையும் விரலால் சுட்டிக் காட்டினேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தவர், குனிந்து துடைத்தார். எனக்குத் தெரிந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளில் நன்றி சொல்லும் ஒன்றைத் தாராளமாக எடுத்துவிட்டேன்: "மெர்சி!" பிறகு டப்பாவை மூடிப் பையில் போட்டு, பையை அதே கல்லின் மேல் வைத்தேன்.

அக்கா திரும்பி வந்து அவரிடம் ஏதோ பேசினார். பேசப் பேச அக்காவின் முகம் மாறியது.

"தம்பி, முதல்ல எல்லாரும் எழும்புங்கோ. இதுகள் செத்த ஆக்களின்ர பேரெல்லே. ஒரு விபத்தில போனவையாம். அது அவவின்ர மகளின்ர கல்லு. ஒவ்வொரு ஞாயிறும் வந்து துடைக்கிறவவாம்."

அப்படியே கூசிப்போனேன். தெரியாமல் ஒரு புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். ஒரு பெண்ணின் பெயர் மேல் எச்சில் சோற்றைச் சிந்தி, பெற்ற தாயையே துடைக்கவைத்திருக்கிறேன்.

"கோவமான்னு கேளுங்கக்கா" என்றேன்.

அக்கா கேட்டுச் சொன்னார்: "கோவமில்லையாம். உந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுக்கட்டாம். பூ வைக்கவேணுமாம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு கைகூப்பி நின்றேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த மொழியில் வார்த்தை இல்லை. அவர் தோள்பையிலிருந்து நாலைந்து மஞ்சள் பூக்களை எடுத்து வைத்துவிட்டு, அந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவினார். நண்பன் அதன்பிறகு சிகாகோவைப் பற்றிப் பேசவே இல்லை.

இத்தனை வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் துணியும் கையுமாக யாராவது நிற்பதைப் பார்த்தால், அந்தத் தாய்க்கு நான் பெரிய மனதோடு சொன்ன 'மெர்சி'தான் என் காதில் விழுகிறது.