மூடி அக்கா

மாவு உருண்டைகளின் மேல் எண்ணெயைத் தடவி, ஈரத் துணியைப் போர்த்திவிட்டு, இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பரிமளா போனை எடுக்கும்போது மணி இரண்டரை. பரோட்டா மாவு ஊற ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்குக் கடையும் கிடையாது, புருஷனும் கிடையாது. மைதா மூட்டையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினால், ஊரில் யார் செத்தாலும் நாலு மணிக்கு மேல்தான் துக்கம் விசாரிப்பாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு நாஷ்டா கடை. காலையில் இட்லி, மாலையில் பரோட்டா. மாவு பிசைவதும் வீசுவதும் புருஷன் பெஞ்சமின். மற்ற எல்லாம் அவள். கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது வரிசையாக இருக்கும் அலுமினியப் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் சாக்பீஸ் எழுத்து: 'சாம்பார்', 'கருவாடு', 'போட்டி', 'வடகறி'. பல வருஷத்துக்கு முன் கோயிலுக்கு வந்த ஒரு அம்மாள், இட்லிக்குச் சாம்பார் என்று நினைத்துத் தானே ஒரு மூடியைத் தூக்கிவிட்டார். உள்ளே ஆட்டுக்குடல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று. அன்றைக்கே கடையில் போட்டி சமைப்பதை நிறுத்தச் சொல்லி நாலு பேர் புத்தி சொன்னார்கள். பரிமளா எதிர்க்கடைக்குப் போய் ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வந்தாள்.

"துண்றவன் துண்ணட்டும், வோணாங்கறவன் தொறக்க வோணாம். உள்ள இன்னா கீதுன்னு மேல எளுதி வெச்சா முடிஞ்சிது. இதுக்கு எதுக்கு பேஜாரு?" என்பாள்.

இதே சட்டத்தை வைத்துக்கொண்டுதான் அவள் இணையத்தில் ஒரு வலைப்பக்கத்தையும் ஆள்கிறாள். 'கோகிலம் நிவாஸ்' என்று ஒரு சீரியல் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன் பாதியில் நின்றுபோனது. கடைசிக் காட்சியில் மூத்த மருமகள் பூங்கோதை கையில் பெட்டியோடு வாசல்படியில் நிற்கிறாள். உள்ளே மாமியார், வெளியே மழை. மறுநாள் அதே நேரத்தில் சானல்காரர்கள் ஒரு சமையல் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டார்கள். பூங்கோதை இறங்கினாளா, உள்ளே திரும்பினாளா? ஒருத்தருக்கும் தெரியாது. பரிமளாவுக்கு அன்று வந்த கோபத்தில் பெஞ்சமினுக்குச் சோறு கிடைக்கவில்லை.

'பெட்டியோட பூங்கோதை' வலைப்பக்கம் அந்தக் கோபத்தில் பிறந்தது. சீரியலை விட மனமில்லாத இருநூற்றுச் சொச்சம் பேர் அதில் மீதிக் கதையை அவரவர் இஷ்டத்துக்கு எழுதுகிறார்கள். இதுவரை நானூறு கதைக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்றில் பூங்கோதை கலெக்டர். ஒன்றில் பேய். ஒன்றில் மாமியாரும் அவளுமாகச் சேர்ந்து மாமனாரை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். வருவதை எல்லாம் மதியம் படித்து, மேலே ஒரு வரி எழுதி, நாலு மணிக்கு வெளியிடுவது பரிமளா. 'இதில் சாவு உண்டு', 'இதில் சாமியை ஏசுகிறார்கள்', 'இதில் கட்டில் உண்டு. வேண்டாதவர் அடுத்த கதைக்குப் போகவும்.' அங்கே அவளுக்குப் பெயரே மூடி அக்காதான்.

வருகிற எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடுவாள் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை ஒரு அன்பர், பூங்கோதையாக நடித்த பெண்ணின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கண்டதையும் எழுதி அனுப்பினார். வந்த வேகத்தில் குப்பைக்குப் போனது. "பூங்கோதையப் பத்தி இன்னா வோணா எளுது நைனா. அந்த நடிச்ச பொண்ணு உசுரோட கீது, அதுக்கு வூடு வாசல் கீது," என்று அவருக்குப் பதில் அனுப்பினாள். சின்னப் பிள்ளைகளை வைத்து அசிங்கம் எழுதினால் பதிலும் கிடையாது, ஆளையே நீக்கிவிடுவாள்.

அவளுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. எல்லப்பன் என்ற பெயரில் எழுதுகிற ஓய்வுபெற்ற பெரியவர். 'குடும்பப் பெண்கள் வந்துபோகும் இடத்தில் இதெல்லாம் தேவையா?' என்று கட்டில் கதை ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுவார், எத்தனையாவது பத்தியில் எந்த வரி ஆபாசம் என்ற விவரத்தோடு. பரிமளாவும் லேசுப்பட்டவளா? கட்டில் கதை வெளியான ஐந்தாவது நிமிஷத்திலேயே முதல் ஆளாகத் திறக்கிறவர் அவர்தான் என்பதை, நடத்துகிறவளுக்கு மட்டும் தெரியும் வருகைப் பட்டியலில் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "மூடி மேல எளுதிக் கீது. அத்தத் தொறந்து, கரண்டியால தொளாவி, ரெண்டு வாட்டி நக்கிப் பாத்துட்டு, நாறுதுன்னு சொன்னா நான் இன்னா பண்ணட்டும்?"

அவள் வழக்கங்களில் இன்னொன்று, படம். ஆரம்பத்தில் சீரியல் படங்களைப் போட்டாள். சானல்காரர்கள் புகார் கொடுத்து எல்லாவற்றையும் எடுக்க வைத்தார்கள். "உங்க படம் இல்லன்னா எனுக்கு வேற படமே கெடைக்காதா?" என்று, அன்றிலிருந்து நாலு மணிக்குக் கடையில் எது கண்ணெதிரே இருக்கிறதோ அதைப் போனில் பிடித்துக் கதைக்கு மேலே போட்டுவிடுவாள். தக்காளி, தோசைக்கல், வெங்காயத் தோல். நாலு மணிக்கு அநேகமாகக் கண்ணெதிரே இருப்பது, துணியை விலக்கியதும் எண்ணெய் மினுமினுப்போடு தட்டில் கிடக்கும் பரோட்டா உருண்டைகள்தான். பெஞ்சமின் உருட்டினால் இம்மி பிசகாது. தன் உருண்டை இணையத்தில் வருவதில் அந்த மனுஷனுக்குப் பெருமை. கதையைப் படிக்க மாட்டார், படத்தை மட்டும் பார்ப்பார்.

போன தை மாதம் ஒரு புதன்கிழமை அந்த அறிவிப்பு வந்தது. வலைப்பக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனி, புதிதாக ஒரு எந்திரத்தைக் காவலுக்குப் போட்டிருந்தது. 'உங்கள் பக்கத்தில் நிர்வாணம் இருப்பதாகத் தெரிகிறது. ஏழு நாளைக்குள் நீக்காவிட்டால் பக்கம் முழுவதும் அழிக்கப்படும்.' இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக்கூட்டி முதல் பத்தியைப் படித்து முடித்ததும் போனை மூட்டையின் மேல் கவிழ்த்து வைத்தாள். மேலே படிக்கத் தோன்றவில்லை. எது என்று அவளுக்குத்தான் தெரியுமே.

இரண்டு நாளைக்கு முன்னால்தான் சசிரேகாவின் ஒன்பதாம் அத்தியாயம் வெளியாகியிருந்தது. சசிரேகா, பெருநகர் என்ற பக்கத்து ஊர்க்காரி. தினமும் பஸ்ஸில் உத்திரமேரூருக்கு வந்து ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். அவளுடைய கதையில் பூங்கோதை படி இறங்கிவிட்டாள். வேற்றூரில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, ஒரு பஸ் கண்டக்டரோடு பழகி, ஒன்பதாம் அத்தியாயத்தில் அவனோடு படுத்திருக்கிறாள். "குளிருதா?" என்று அவன் கேட்கிறான். பதினாறு வருஷக் குடித்தனத்தில் ஒருத்தரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்று பூங்கோதைக்கு அப்போதுதான் உறைக்கிறது. மைதா மூட்டையின் மேல் உட்கார்ந்து அதைப் படித்த பரிமளா மூக்கைச் சிந்திக்கொண்டே 'கட்டில் உண்டு' என்று மூடியில் எழுதி வெளியிட்டிருந்தாள்.

அறிவிப்பை அவள் பக்கத்தில் போட்டதும், 'நான் அன்றே சொன்னேன்' என்று எல்லப்பன் எழுதினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிசுகிசுத்தார்கள்: ஒரு கதைக்காக நானூறு கதையைப் பலி கொடுப்பதா? நியாயமான கேள்விதான். வியாழனும் வெள்ளியும் பரிமளா அந்த அத்தியாயத்தைத் திறந்து, 'நீக்கு' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். "இன்னாமே, ஒடம்பு சரியில்லையா?" என்றார் பெஞ்சமின்.

"அத்தத் தூக்கிட்டேன்னு வெய்யி, பூங்கோதை மறுபடியும் பெட்டியோட வாசப்படியில நிக்கும். நானே தள்ளிக்கினு போயி நிறுத்தின மாதிரி ஆவாது?" என்றாள் பரிமளா. பெஞ்சமினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாத்திரை வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு சசிரேகாவே கடைக்கு வந்துவிட்டாள். அதுவரை இரண்டு பேரும் நேரில் பேசிக்கொண்டது ஏழெட்டுத் தடவை இருக்கும், எல்லாம் பக்கத்து டீக்கடை கிளாசோடு வாசலில் நின்றபடி. அவள் வீட்டில் யாரும் இந்தக் கடையில் கை நனைத்ததில்லை. நனைக்கக்கூடாது என்பது அங்கே சொல்லாமலே தெரிந்த சட்டம். அன்று உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எடுத்துடுங்கக்கா," என்றாள். "எல்லார் கதையும் என்னால போவ வேணாம்."

"எளுதினதுக்கு உன்கிட்ட வேற காப்பி கீதா?"

சசிரேகா இல்லை என்று தலையை ஆட்டினாள். "வூட்ல என் போன எல்லாரும் எடுத்துப் பாப்பாங்க. அதனால மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல சென்டர் கம்ப்யூட்டர்லயே அடிச்சி, உங்க பக்கத்துல ஏத்திட்டு, அங்க அழிச்சிடுவேன். நீங்க போட்டதுதான் இருக்குது."

நகல் எடுத்துத் தன் போனில் வைத்தாலும் யார் படிப்பார்கள் என்று பரிமளா நினைத்தாள். எழுதுகிறவளுக்கே எழுதியது கையில் இல்லை, தன் பக்கம் ஒன்றுதான் அதற்கு வீடு என்றால், அதை எந்த விரலால் அழிப்பது? "எளுதினது நீ. ஆனா போட்டது நான். இன்னான்னு தெரிஞ்சிதான் போட்டேன்," என்றாள்.

பரிமளா எட்டி, மாவுத் தட்டின் மேல் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சசிரேகா, மையத்தில் தினமும் நாற்பது பேரிடம் கேட்கிற கேள்வியைப் பழக்க தோஷத்தில் கேட்டாள்.

"காரணம் இன்னா போட்டிருந்தாங்கக்கா?"

"இன்னா காரணம்? அம்மணம்னு போட்டுக் கீது."

"அது மேல இருக்கிறது. எந்த மனு திரும்பி வந்தாலும் அடியில ஒரு இடம் இருக்கும், எதனால திருப்புனோம்னு. சனங்க அதுவரைக்கும் போவவே மாட்டாங்க. குடுங்க போன."

வாங்கி, விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். பரிமளா படிக்காமல் விட்ட எட்டுப் பத்திகளுக்கும் கீழே சின்னதாக ஒரு சுட்டி இருந்தது. அழுத்தினாள். திரை நிறையச் சிவப்புக் கட்டங்கள் வந்து விழுந்தன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு படம். மொத்தம் பத்தொன்பது.

சசிரேகா திரையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஈரத் துணியின் ஒரு மூலையைத் தூக்கி, உள்ளே கிடந்த உருண்டைகளைப் பார்த்தாள். வழவழவென்று, வெளுப்பாக, எண்ணெய் பூசி, ஒன்றோடொன்று ஒட்டி உரசிக்கொண்டு அவை கிடந்த கோலத்தை அதுவரை யாரும் அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. எந்திரம் பார்த்திருக்கிறது.

"அக்கா," என்றாள். "ஒன்பதாம் அத்தியாயத்துல ஒரு எழுத்தக் கூட அது தொடல. எல்லாம் பரோட்டா மாவு."

பரிமளாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மைதா மூட்டையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் அந்தச் சிரிப்பில் உருண்டு ஓடியது. கண்ணில் தண்ணீர் வழிய, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி கட்டங்களைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். சசிரேகா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சத்தம் கேட்டுப் பின்னாலிருந்து வந்த பெஞ்சமினுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"என் மாவையா அம்மணம்னான்? இருவது வருசமா பெசையறேன், ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னதில்ல." மனுஷனுக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது.

மேல்முறையீட்டை சசிரேகா அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினாள். 'படத்தில் இருப்பவை மைதா உருண்டைகள். மாலையில் பரோட்டா ஆகிவிடும்.' சாட்சிக்கு, பெஞ்சமின் ஒரு உருண்டையை அடித்து, விரித்து, வீசி, சுருட்டிக் கல்லில் போடும் வீடியோவையும் எடுத்து இணைத்தார்கள். கோபத்தில் இருந்ததால் அன்றைக்கு இரண்டு சுற்று அதிகமாகவே வீசினார். சாட்சியாக வந்த பரோட்டாவை என்ன செய்வது? பரிமளா அதைப் பிய்த்துப் போட்டு, 'சால்னா' என்று எழுதிய மூடியைத் திறந்து ஊற்றி நீட்டினாள். சசிரேகா ஒரு கணம் தட்டைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். இரண்டாவதும் கேட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. பக்கம் பத்திரம். நானூற்றுப் பன்னிரண்டு கதையும் பத்திரம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. 'இதுபோன்ற படங்களை எங்கள் கருவி மீண்டும் தவறாகக் கருத வாய்ப்புண்டு' என்று அடியில் ஒரு வரி இருந்தது. இந்தத் தடவை பரிமளா அடிவரைக்கும் படித்தாள். நடந்ததை நடந்தபடி உறுப்பினர்களுக்கு எழுதினாள். கையெடுத்துக் கும்பிட்டவர்களும் விழுந்து விழுந்து சிரித்தவர்களுமாக அன்று முழுக்க ஒரே கொண்டாட்டம். சாயந்திரம் எல்லப்பனும் எழுதினார்: 'மாவு குறித்து எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.' எழுதுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அவர் ஒன்பதாம் அத்தியாயத்தை மறுபடி திறந்து பார்த்திருந்ததையும் பரிமளா கவனிக்கத்தான் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சசிரேகாவின் பத்தாம் அத்தியாயம் வந்தது. ஒன்பதைவிட ஒரு படி மேலே போயிருந்தாள். பரிமளா மூட்டையின் மேல் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தாள். ஒரு வார்த்தையை மாற்றவில்லை. 'இதிலும் கட்டில் உண்டு' என்று மேலே எழுதினாள். மணி நாலு. துணியை விலக்கிப் போனைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். போனைக் கீழே வைத்தாள். துணியை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, உருண்டைகளின் மேல் தலையோடு கால் போர்த்தி, நாலு மூலையையும் தட்டுக்கு அடியில் இறுக்கமாகச் செருகிவிட்டு, அதற்கப்புறம்தான் படத்தை எடுத்தாள்.