பஜ்ஜி வண்டி நிற்கும் இடம்

ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, மழை அளக்கும் குடுவையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் ஞானதாஸ். அளவு பார்த்ததும் கொட்டிவிட மாட்டார். ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். "நேத்து பேஞ்சது வேற மழ. இது வேற மழ" என்பார். என்ன வேறு என்று யாராவது கேட்டால், "அத்த வாயால எப்டி சொல்றது, மோந்து பாரு" என்று குடுவையை அவர்கள் மூக்கில் இடிப்பார்.

பழையசீவரத்துத் தலையாரி அவர். பாலாற்றை ஒட்டிய குன்று போன ஐப்பசி மழையில் ஒரு பக்கம் சரிந்து, ஒரு புளியமரத்தை வேரோடு பெயர்த்துச் சாலையில் இறக்கிவிட்டது. மீதி மண் மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. மழை எவ்வளவு, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, குன்றின் வெடிப்பு அகலமாகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போனில் சொல்வது அன்றிலிருந்து அவர் வேலை. வெடிப்பின் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, நடுவே மனைவியின் பழைய புடவையைக் கிழித்துத் தொய்வாகக் கட்டியிருக்கிறார். துணி தொங்கினால் குன்று தூங்குகிறது. விறைத்தால் புரண்டு படுக்கப் பார்க்கிறது.

தாசில்தாருக்குப் போன் போட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நிற்பார், சுற்றிலும் ஆடுகள் மட்டுமே இருந்தாலும். குரல் டிவியில் செய்தி வாசிப்பவருடையதாக மாறிவிடும். "வணக்கம் ஐயா. பாலாற்றில் நீர்வரத்து தற்போது படிப்படியாக உயர்ந்து" என்று கம்பீரமாகக் கிளம்பும். பாதி வழியில் மூச்சு முட்டி, "ஏறிக்கினே கீது சார்" என்று தரையில் வந்து உட்காரும்.

அவருக்கு ஒரே ஒரு துக்கம். மொபெட்டில் மைக்கைக் கட்டிக்கொண்டு, "ஆத்துல தண்ணி வருது, யாரும் ஆத்தாண்ட வராதீங்க" என்று தொண்டை கிழியக் கத்துவார். ஊர்க்காரர்களுக்கு அதில் முதல் பாதி போதும். வருஷத்தில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் ஆற்றில் தண்ணீர் வருவதென்றால் கல்யாணம் மாதிரி. மொபெட் தெருமுனை திரும்புவதற்குள் பெண்கள் மஞ்சள், குங்குமம், கற்பூரத்தோடு புறப்பட்டிருப்பார்கள். உத்திரமேரூரிலிருந்து ஷேர் ஆட்டோக்கள் வந்து சேரும். எல்லாரும் வந்து நிற்பது சரிவுக்கு நேர் கீழே. புளியமரம் போனதிலிருந்து ஆறு நன்றாகத் தெரிவது அங்கிருந்துதான்.

"நீ சொல்லலன்னா எங்களுக்கு எப்டிய்யா தெரியும். நல்ல வேள சொன்ன" என்று குடையைச் சாய்த்துப் பாராட்டுவார் கரும்புக் கழனிக்காரர் தாண்டவராயன்.

கூட்டத்தின் நட்டநடுவில் ஒரு பஜ்ஜி வண்டி. அது ஞானதாஸின் மனைவி பிரிஸ்கில்லாவுடையது.

"இன்னாமே, வராதீங்கன்னு நான் கூவிக்கினு கீறேன். நீ கடை போட்டுக்கினு கீற?"

"கூட்டத்த இஸ்துக்கினு வர்றது நீ. வந்தவங்க வவுறு காயாம பாத்துக்கறது நானு. பேசாம மாவ கலக்கு."

இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. கரையில் கூட்டமும் நிரம்பி வழிந்தது. ஞானதாஸ் குன்றில் ஏறிப் பார்த்தார். புடவைத் துணி வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பு மெல்லத் தலையைச் சாய்த்தது. செருப்பை மேலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"மண்ணு வருது, எல்லாம் அந்தாண்ட போங்க" என்று மைக்கில் அலறினார். உடனே அத்தனை செல்போன்களும் ஆற்றிலிருந்து குன்றின் பக்கம் திரும்பின.

"எப்போ வரும்ணா? சார்ஜ் கம்மியா கீது" என்றான் உத்திரமேரூரிலிருந்து வந்திருந்த தினேஷ்குமார்.

மைக்கைக் கீழே போட்டார் ஞானதாஸ். அடுப்பை அணைத்தார். எண்ணெய்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தரையில் இறக்கினார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எட்டி உதைத்தார். பொரித்துக் குவித்த பஜ்ஜி மலையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடத் தொடங்கினார்.

"யோவ், பைத்தியம் புட்ச்சிக்கிச்சா? சட்டி அங்க கீதுய்யா" என்று பின்னாலேயே ஓடினார் பிரிஸ்கில்லா. அவர் பின்னால், காசு கொடுத்துவிட்டு பஜ்ஜி வாங்காதவர்கள். அவர்கள் பின்னால், பஜ்ஜி வாங்கிவிட்டுச் சட்னி வாங்காதவர்கள். கற்பூரத் தட்டோடு பெண்கள். பெண்களுக்குப் பின்னால், ஏன் ஓடுகிறோம் என்றே தெரியாதவர்கள். குடையை மடக்கிக் கக்கத்தில் செருகியபடி தாண்டவராயன், "யோவ் ஞானம், அந்த மொளகா பஜ்ஜி எனுதுய்யா" என்று வயதை மறந்து பாய்ந்தார். கடைசி ஆளாக, குன்றைப் படம் எடுத்தபடியே பின்பக்கமாக ஓடிவந்தான் தினேஷ்குமார்.

பஸ் ஸ்டாப்பில் வண்டி நின்றது. பின்னால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அவர்கள் நின்ற இடம் இல்லை. செம்மண்ணும் பாறையும்தான் இருந்தன. பஜ்ஜியைக் கடித்த வாய்கள் மெல்லுவதை மறந்தன.

ஞானதாஸ் போனை எடுத்தார். கழற்றக் காலில் செருப்பு இல்லை. நிமிர்ந்து நின்றார். "வணக்கம் ஐயா. சற்றுமுன் மண்சரிவு ஏற்பட்டுள்ளது. உயிர்ச்சேதம் ஏதும் இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எங்க வூட்டு எண்ணச்சட்டி ஒண்ணு பூட்ச்சு சார்."

அதற்குப் பிறகும் ஊர் திருந்திவிடவில்லை. 'தண்ணி வருது' என்றால் கூட்டம் இன்றும் வருகிறது. புதுச் சட்டியோடு வண்டியும் வருகிறது. ஆனால் பிரிஸ்கில்லா உடனே அடுப்பைப் பற்றவைப்பதில்லை. வண்டியைப் பிடித்தபடி நிற்கிறார். அவர் நிற்பதால் கூட்டமும் நிற்கிறது. ஞானதாஸ் குன்றைப் பார்க்கிறார், ஆற்றைப் பார்க்கிறார், குடுவையை மோந்து பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் தள்ளி என்று மோவாயால் காட்டுகிறார். வண்டி நகர்கிறது, கூட்டமும் நகர்கிறது. போதும் என்று அவர் தலையை ஆட்டியதும், பிரிஸ்கில்லா குனிந்து செங்கல்லை எடுத்து, முட்டுக் கொடுக்கச் சொல்லி அவர் கையில் நீட்டுகிறார்.