திறந்து கிடந்த பேரம்

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடிப்பார்கள். கல் எதுவும் கிடையாது. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, நாலைந்து புலம்பல் பாட்டு, இவ்வளவும் சேர்ந்த சிறு புத்தகம். தென்மராட்சியில் அதை எழுதிக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். என் எழுத்தில் மறுபதிப்புக் கண்டது அந்த ரகம் மட்டும்தான். பெயரை மாற்றினால் போதும்.

தம்பி சாவகச்சேரியில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தான். ஒரே வளவில் இரண்டு வீடு. முன்வீட்டில் அவனும் மனைவியும், பின்வீட்டில் தனிக்கட்டையான நான். கிரிப்டோ வியாபாரத்தில் இறங்கிய பிறகு ஒருநாள் என் போனை வாங்கி, ஒரு பக்கத்தைத் திறந்து, தன் வொலட்டின், அதாவது கிரிப்டோ காசு வைக்கும் கணக்கின், நீளமான முகவரியை அதில் பதிந்து தந்தான். அந்த வொலட்டில் முடிக்காமல் கிடக்கிற பேரங்களை அந்தப் பக்கம் காட்டும். என்ன விலைக்குத் தொடங்கியது, இப்போது லாபமா நட்டமா, எந்த விலைக்கு விழுந்தால் கட்டிய காசோடு தானாக மூடிவிடும், எல்லாம் அதில் தெரியும்.

"பாக்கலாம் அண்ணை, தொடேலாது."

"தொடுறதெண்டா?"

"அதுக்குத் திறப்பு மாதிரிப் பன்னிரண்டு சொல் இருக்கு. உங்களுக்குச் சொன்னா அடுத்த கல்வெட்டிலை அடிச்சுப் போடுவியள்."

அந்தச் சொற்களை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு காலை கடை திறக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைப்படியில் உட்கார்ந்தான். பிறகு எழும்பவில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஒரு பேரம் கிடந்தது. பிட்கொயின் விலை ஏறும் என்று காசு கட்டியிருந்தான். எண்கள் லாபத்தைக் காட்டும் பச்சையில் மாறிக்கொண்டே இருந்தன. எங்கோ சந்தை அசைகிறது, அதனால் எண் அசைகிறது, இதில் அவன் கை இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? காலையில் கண் விழித்ததும் கை போனைத்தான் தேடியது.

தம்பியின் மனைவி தேத்தண்ணியோடு வருவாள்.

"அத்தான், அவரின்ரை அது கிடக்கோ?"

"ஓம், கிடக்கு. இண்டைக்கும் பச்சை."

"ஏறுமெண்டுதானே சொன்னவர்? அவர் சொன்னா நடக்கும்தான். மழை வராதெண்டு சொல்லி என்ரை மிளகாய் முழுக்க நனைய வைச்ச மனிசன்."

எனக்கே விளங்காத சந்தையைப் பற்றி நான் பிரசங்கம் வைப்பேன். அவள் வெறும் கோப்பைக்காக நின்று கேட்பாள்.

அச்சகக்காரர் இரண்டு தரம் போன் எடுத்தார். "என்ன அண்ணை, ஊரிலை ஆர் செத்தாலும் ரெண்டு நாளிலை எழுதித் தாறனீங்கள்!" படத்தை மட்டும் அனுப்பியிருந்தேன். அவனுடையது ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் மறைந்துவிட்டதாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

இருபத்தேழாம் நாள் காலை எண்கள் சிவந்தன. விலை, மூடிவிடும் எல்லையை நோக்கி இறங்கியது. கொஞ்சம் காசு சேர்த்தால் பேரம் தாங்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆனால் தொடேலாது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன், எந்த நாட்டு நாணயத்துக்கு என்று சொல்லாமல். மத்தியானம் அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் இருந்தது: திறந்த பேரம் எதுவும் இல்லை.

பஸ் எடுத்து அச்சகத்துக்குப் போய், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே கல்வெட்டை எழுதிக் கொடுத்தேன். பழைய பாட்டு ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை.

மறுநாள் காலை அவள் கேட்டாள். "கிடக்கோ?"

"ஓம், கிடக்கு."

"பச்சையோ?"

"பச்சை."

அதற்கடுத்த நாட்களிலும் அதே கேள்வி, அதே பொய்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் கிரியை முடித்து வந்தோம். சனம் சாப்பிட்டு, ஆளுக்கொரு கல்வெட்டோடு போய்விட்டது. மிஞ்சிய புத்தகங்களை அடுக்கியபடி அவள் சொன்னாள்:

"அத்தான், அது மூடுப்பட்டு நாலு நாள்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"என்ரை போனிலையும் போட்டுத் தந்தவர். விடியக் கண் முழிச்சா முதல் அதைத்தான் பாக்கிறனான்."

"பிறகேன் பிள்ளை ஒவ்வொரு நாளும் என்னட்டைக் கேட்டனீர்?"

"நீங்கள் வேறை ஒண்டும் ஆரோடையும் கதைக்கேல்லை."

மறுநாள் காலை தேத்தண்ணி வந்தது. கேட்க ஒன்றும் இல்லை, சொல்லவும் இல்லை. கோப்பைக்காக நின்றவள் வானத்தைப் பார்த்தாள்.

"மிளகாய் காயப்போடலாமோ தெரியேல்லை."

நானும் அண்ணாந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.