கை நனைக்காதவர்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், மழை தொடர்ந்து பொய்த்துக்கொண்டிருந்த சமயம் அது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வார்டுக்குள் நிமிர்ந்துதான் நடப்பேன்.

வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அவருடைய மகள் மாட்டுவண்டியில் கொண்டுவந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தார். யாரோடும் பேச்சில்லை; சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

"நிலம் காஞ்சதுல மனசு வுட்டுட்டாருங்க. மந்திரிச்சுகூடப் பாத்தோம்" என்றாள் மகள்.

டாக்டர் அவர் நாக்கையும் வீங்கிய கால்களையும் பார்த்தார். "வயிறு காய்ந்தால் மனசும் இருண்டுபோகும், அதுவும் இந்த வயதில்" என்றார்.

பாலும் முட்டையும் சோறும் கொடுத்தோம். மெல்ல மெல்ல முகம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு காலை, "ஏங்கண்ணு, இந்த முட்டையப் போட்ட கோழியும் உன்னாட்டம் மிடுக்காத்தான் நடக்குமா?" என்றார். வார்டே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் ஏன் இப்படிச் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"பொண்ணு குடுத்த வூட்டுல கை நனைக்கலாமா? கூழு மட்டும் குடிப்பேன், அது கணக்குல இல்ல. இது சர்க்கார் சோறு. மானம் போவாது."

மனைவி இல்லை, மகன் இல்லை. மகள் வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடமும் இல்லை.

உடம்பு தேறியதும் அனுப்ப வேண்டியிருந்தது. என்னென்ன கொடுக்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள். "நான் வெக்காமயா இருக்கேன் நர்ஸம்மா? தட்டத் தள்ளிடறாரே."

அவரிடமும் கெஞ்சிப் பார்த்தேன். "நீ யாரு வூட்லயாச்சும் போயி கையேந்துவியா?" என்று கேட்டார்.

சில மாதங்களில் அதே வண்டியில் திரும்பி வந்தார். இம்முறை சர்க்கார் சோற்றுக்கும் வாய் திறக்கவில்லை. மானம், ரோஷம் எதுவும் அந்தக் கண்களில் இல்லை. எதுவும் வேண்டும் என்ற நினைப்பே செத்துப்போயிருந்தது. கரண்டியை உதட்டில் வைத்தால் பால் வழிந்து தலையணையில் இறங்கும். ஊசி மருந்தும் உதவவில்லை.

அவர் போன மத்தியானம், மகள் அழாமல் சொன்னாள்: "என் வூட்டு அரிசி இனிமேதான் அவரு வாய்க்குள்ள போவப்போவுது, நர்ஸம்மா. வாய்க்கரிசியா."

இன்றும் வயதானவர் யாராவது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது எப்போது, யார் வீட்டில் என்றுதான் முதலில் கேட்கிறேன். பதிலைக் கேட்டபின் என்ன செய்வது என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.