நோன்பு பிடித்த பூனை

கணவர் மௌத்தான பிறகு கற்பிட்டி வீட்டில் நானும் என் பூனை வெள்ளையனும்தான். போன ரமழானில் அவன் பகலெல்லாம் சூடை மீனை முகர்ந்துவிட்டு விலகிப் போனான். மாலையில் நான் நோன்பு திறக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து, ஆறிய கஞ்சியை நக்கினான். தனியே நோன்பு திறப்பவளுக்கு அது பெரிய துணை. கட்டாரில் இருக்கும் மகளிடம், “வெள்ளையனும் என்னோட நோன்பு புடிக்கிறான்” என்று போனில் பெருமையாகச் சொன்னேன்.

ஒருநாள் அவன் கன்னத்தைத் தடவினேன். என்னை ஒருபோதும் கீறாதவன், கையைக் கீறிவிட்டு அலுமாரிக்கு அடியில் ஒளிந்தான். பயந்துபோய், கூடையில் வைத்துப் புத்தளத்துக்குக் கொண்டுபோனேன்.

மிருக வைத்தியர் அவன் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பல் அழுகிச் சீழ் கட்டியிருந்தது.

“கன நாளா நொந்திருக்கும் உம்மா. மெல்ல ஏலாமத்தான் கஞ்சி குடிச்சிருக்கு. பூனைகள் நோவ வெளியில காட்டாது,” என்றார்.

பல்லைப் பிடுங்கியதும் மீன் தின்னத் தொடங்கினான். கஞ்சிப் பக்கம் வரவேயில்லை. மிச்ச நோன்புகளைத் தனியேதான் திறந்தேன்.

இப்போது அவன் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் வாயைத் திறந்து பார்க்கிறேன்.